மீன் சாப்பிட முடியாத டாக்டரும், ஊசி வாங்கிய வயிறும்

குழந்தைக்கு மீன் அலர்ஜின்னு ஒரு டாக்டர் எப்படி முடிவு பண்றார்? கையில லேசா குத்திப் பார்க்கறாங்க. ரத்தம் எடுத்து அனுப்பறாங்க. சில இடங்கள்ல ஆஸ்பத்திரியிலேயே உட்கார வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா மீனை ஊட்டிப் பார்க்கறாங்க. இந்த மூணு சோதனைக்கும் தனித்தனியா வரலாறு இருக்கு. மூணுலயும் ஏதாவது ஒரு இடத்துல மீன் நீந்திக்கிட்டிருக்கு. அலர்ஜி மருத்துவத்தோட மிகப் பெரிய கண்டுபிடிப்புகள்ல ஒண்ணு, மீன் சாப்பிட முடியாத ஒரு டாக்டரால வந்ததுன்னு படிச்சதும் இதை எழுதியே ஆகணும்னு தோணிச்சு. பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க :-)

காணாக்கடியும் கரப்பான் பண்டமும்

சாப்பாடு சிலருக்கு ஒத்துக்காதுங்கறது நம்ம ஊர்ப் பாட்டிகளுக்குத் தெரியாத விஷயம் இல்லை. உடம்பு முழுக்கத் திட்டுத் திட்டா தடிச்சு அரிச்சா அதுக்கு "காணாக்கடி"ன்னு பேர். கண்ணுக்குத் தெரியாத ஏதோ பூச்சி கடிச்சிருச்சுன்னு கணக்கு. குழந்தைக்குக் கரப்பான் இருந்தா கருவாடு, கத்திரிக்காய் எல்லாம் "கரப்பான் பண்டம்"னு ஒதுக்கி வெச்சிருவாங்க. கவனிப்பு சரிதான். ஆனா எந்தக் குழந்தைக்கு எது ஆகாதுன்னு தனித்தனியா பிரிச்சுப் பார்க்க வழி இல்லை. எல்லாருக்கும் ஒரே பட்டியல்தான்.

ஐரோப்பாவுல நிலைமை ரொம்ப மேலன்னு நினைச்சுக்காதீங்க. அங்கயும் 1900 வரைக்கும் இதை "அது அவனோட உடல்வாகு"ன்னுதான் ஒதுக்கிக்கிட்டிருந்தாங்க. 1902-ல பிரான்ஸ்ல சார்ல் ரிஷே, போல் போர்த்தியேன்னு ரெண்டு பேர், கடல் சாமந்தியோட விஷத்தை (பேர்தான் பூ மாதிரி, அது ஒரு கடல் உயிரி) நாய்களுக்கு ஊசி மூலமா கொடுத்துப் பார்த்தாங்க. முதல் தடவை தாங்கின நாய், சில வாரம் கழிச்சு ரொம்பச் சின்ன அளவு கொடுத்ததுக்கே மூச்சுத் திணறி அரைமணி நேரத்துக்குள்ள செத்துப் போச்சு. உடம்பைப் பாதுகாக்கறதுக்குப் பதிலா முதல் ஊசி அதை இன்னும் பலவீனமாக்கி வெச்சிருந்தது. இதுக்கு அவங்க வெச்ச பேர் அனஃபிலாக்சிஸ். ரிஷேவுக்கு 1913-ல நோபல் பரிசு கிடைச்சது.

அதே காலத்துல வியன்னாவுல க்ளெமென்ஸ் ஃபான் பிர்கேன்னு ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். தொண்டை அடைப்பான் வந்த குழந்தைகளுக்குக் குதிரையோட ரத்தத்துல இருந்து எடுத்த சீரத்தை மருந்தா கொடுப்பாங்க. சில குழந்தைகளுக்கு அதுக்கப்புறம் காய்ச்சல், தடிப்பு, மூட்டு வலி வந்தது. ரெண்டாவது தடவை கொடுத்தா இன்னும் சீக்கிரமா வந்தது. பிர்கேவும் அவரோட சகா பேலா ஷிக்கும் இதை உட்கார்ந்து கவனிச்சாங்க. 1906-ல பிர்கே ஒரு புது வார்த்தையை உருவாக்கினார். அதுதான் "அலர்ஜி". இன்னிக்கு ஆபீஸ்ல மேனேஜரைப் பார்த்தாக்கூட அலர்ஜிங்கறோமே, அந்த வார்த்தை பிறந்தது குழந்தைகள் ஆஸ்பத்திரியில!

தோலைக் கீறிப் பார்க்கறது

1912-ல நியூயார்க்ல ஆஸ்கர் ஷ்லாஸ்ங்கற குழந்தை மருத்துவர், முட்டை, பாதாம், ஓட்ஸ் மூணும் ஆகாத ஒரு பையனைப் பத்தி எழுதினார். அந்தப் பையனோட தோலை லேசா கீறி, ஒவ்வொரு உணவையும் தனித்தனியா தடவிப் பார்த்தார். ஆகாத உணவு பட்ட இடத்துல மட்டும் கொசு கடிச்ச மாதிரி தடிச்சது. ஆகற உணவு பட்ட இடம் சும்மா இருந்தது.

உணவு அலர்ஜிக்குத் தோல் சோதனை நடைமுறைக்கு வர்றதுக்கு இது ஒரு முக்கியமான ஆரம்பம். வாயால சாப்பிட்டு வயித்துல நடக்கற விஷயம், கையில இருக்கற தோலுக்கு எப்படித் தெரிஞ்சது? அப்போ ரத்தத்துல ஏதோ ஒண்ணு உடம்பு பூரா சுத்திக்கிட்டிருக்கணும். அது என்னன்னு யாருக்கும் பிடிபடலை. இங்கதான் நம்ம கதாநாயகர்கள் வர்றாங்க.

ப்ரெஸ்லாவ், 1921

ப்ரெஸ்லாவ் அப்போ ஜெர்மனியில இருந்த ஊர். இப்போ போலந்துல இருக்கு, பேரு வ்ரோத்ஸ்வாஃப். அங்க கார்ல் ப்ரவுஸ்னிட்ஸ், ஹைன்ஸ் க்யூஸ்ட்னர்னு ரெண்டு டாக்டர்கள். ப்ரவுஸ்னிட்ஸுக்குப் புல் மகரந்தம் ஆகாது. சீசன் வந்தா தும்மலும் மூக்கொழுகலும்தான். இளையவரான க்யூஸ்ட்னருக்கு மீன் ஆகாது. வேகவெச்ச மீன் சாப்பிட்டா கொஞ்ச நேரத்துல அரிப்பு, தடிப்பு, இருமல், தும்மல், வாந்தின்னு வரிசையா வரும். ஆனா பச்சை மீன்ல இருந்து எடுத்த சாறு அவர் தோல்ல ஒண்ணும் பண்ணலை. வெந்த மீனோட சாறுதான் வேலையைக் காட்டிச்சு. இந்த "பச்சையா, வெந்ததா"ங்கறதை மனசுல வெச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

முதல்ல க்யூஸ்ட்னரோட ரத்தச் சீரத்தை எடுத்துக் கண்ணாடிக் குழாய்ல மீன் சாறோட கலந்து பார்த்தாங்க. ஒண்ணுமே ஆகலை. சாதாரணமா எதிர்ப்பொருள் இருந்தா கலங்கி அடியில படியணும். இதுல தெளிவா அப்படியே நின்னுது. வேற யாரா இருந்தாலும் "ரத்தத்துல ஒண்ணும் இல்லை"ன்னு மூட்டை கட்டியிருப்பாங்க.

இவங்க விடலை. க்யூஸ்ட்னரோட சீரத்துல ஒரு சொட்டு அளவு எடுத்து, மீன் எந்தத் தொந்தரவும் பண்ணாத ப்ரவுஸ்னிட்ஸோட வயித்துத் தோல்ல ஊசியால போட்டாங்க. மறுநாள் அதே இடத்துல மீன் சாறு. கொஞ்ச நேரத்துல அந்த இடம் மட்டும் அரிச்சு, சிவந்து, தடிச்சது! பக்கத்துல இருந்த தோல் சும்மாவே இருந்தது. ஒருத்தரோட மீன் அலர்ஜி இன்னொருத்தரோட வயித்துல, நாலணா அளவு இடத்துக்கு மட்டும் குடிவந்திருச்சு.

இதை மாத்தியும் செஞ்சு பார்த்தாங்க. ப்ரவுஸ்னிட்ஸோட மகரந்த அலர்ஜியை க்யூஸ்ட்னருக்கு மாத்த முயற்சி. அது பலிக்கலை. அன்னிக்கு மீன் அலர்ஜி கையில இல்லாம மகரந்தத்தை மட்டும் வெச்சிருந்தா இந்தக் கண்டுபிடிப்பு எத்தனை வருஷம் தள்ளிப் போயிருக்கும்னு நினைச்சுப் பார்க்கறேன். மீனுக்கு ஒரு நன்றி!

ரத்தத்துல ஏதோ இருக்கு, அது தோல்ல ஒட்டிக்குது, அதோட எதிரி வந்ததும் கலகம் பண்ணுது. இவ்வளவுதான் அன்னிக்குத் தெரிஞ்சது. அந்த "ஏதோ"வுக்கு 1925-ல கோக்கா, க்ரோவ்னு ரெண்டு அமெரிக்கர்கள் "ரீஏஜின்"ங்கற பேரைக் கொண்டுவந்தாங்க. சோதனைக்கு ரெண்டு டாக்டர்களோட பேரையும் சேர்த்து "பி.கே. சோதனை"ன்னு பேர் நிலைச்சது. நம்ம ஊர் சினிமாப் பேர் மாதிரி இருக்கில்ல?

அம்மாவோட கை

இப்போ குழந்தைகள் கிட்ட வருவோம். கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் கரப்பான். தோலைக் கீறிப் பார்க்க நல்ல இடமே இல்லை. பார்த்தாலும் எது கரப்பான், எது சோதனைத் தடிப்புன்னு தெரியாது. என்ன பண்றது?

பி.கே. சோதனை இதுக்கு ஒரு வழி கொடுத்தது. குழந்தையோட சீரத்தை எடுத்து அம்மாவோட கையிலயோ வேற யாராவது பெரியவங்க கையிலயோ வரிசையா போட வேண்டியது. மறுநாள் ஒவ்வொரு புள்ளியிலயும் ஒவ்வொரு உணவுச் சாறு. முட்டைக்கு ஒரு புள்ளி, பாலுக்கு ஒண்ணு, மீனுக்கு ஒண்ணு. எது தடிக்குதோ அதுதான் குழந்தைக்குச் சந்தேகமான உணவு. குழந்தைக்காக அம்மா தன் கையைக் கொடுத்த சோதனை இது. ரொம்ப வருஷம் நடைமுறையில இருந்தது.

நியூயார்க் ப்ரூக்ளின்ல மாத்யூ வால்சர்ங்கறவர் 1920-கள்ல இதை வெச்சு இன்னொரு விஷயத்தை நிரூபிச்சார். அலர்ஜியே இல்லாத ஆட்களோட தோல்ல, மீன் ஆகாதவரோட சீரத்தைப் போட்டார். அப்புறம் அவங்களை மீன் சாப்பிடச் சொன்னார். சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல ஊசி போட்ட இடம் தடிச்சது. அதாவது மீனோட புரதம் வயித்துல முழுசா செரிக்காம கொஞ்சூண்டு அப்படியே ரத்தத்துல கலந்து தோல் வரைக்கும் வந்து சேருது. "செரிச்சுப் போற சாப்பாடு எப்படித் தோல்ல தடிப்பைக் கொண்டுவரும்?"னு கேட்டவங்களுக்கு மீனே பதில் சொல்லிருச்சு.

ஆனா ஒருத்தர் ரத்தச் சீரத்தை இன்னொருத்தர் தோல்ல போடறது எவ்வளவு ஆபத்துன்னு போகப் போகத்தான் புரிஞ்சது. மஞ்சள் காமாலைக் கிருமி அதோடயே போகும். அதனால இந்தச் சோதனையைக் கைவிட்டாங்க. கைவிடறதுக்கு இன்னொரு காரணமும் கிடைச்சது.

முதுகைக் கொடுத்த தம்பதி

அமெரிக்காவுல டென்வர்ல கிமிஷிகே இஷிசாகா, டெருகோ இஷிசாகான்னு ஒரு ஜப்பானியத் தம்பதி. குழந்தைகளோட ஆஸ்துமாவுக்குன்னே இருந்த ஒரு ஆராய்ச்சி நிலையத்துல வேலை. அந்த "ஏதோ"வைப் பிரிச்செடுக்கறதுதான் அவங்க குறிக்கோள். ஒவ்வொரு தடவை பிரிச்சப்பவும் சரியான பொருள் கைக்கு வந்திருக்கான்னு பார்க்க அப்போ இருந்த ஒரே கருவி பி.கே. சோதனை. அதுக்குத் தோல் வேணும். தங்களோட முதுகையே கொடுத்தாங்க. 1966-ல அது ஒரு புது வகை எதிர்ப்பொருள்னு அறிவிச்சாங்க.

1967-ல ஸ்வீடன்ல உப்சாலாவுல யோஹான்சன், பென்னிக்னு ரெண்டு பேர் ஒரு புற்றுநோயாளியோட ரத்தத்துல விநோதமான ஒரு புரதத்தை எடுத்தாங்க. பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். 1968-ல உலக சுகாதார நிறுவனம் கூட்டின கூட்டத்துல அதுக்கு ஐ.ஜி.ஈ.ன்னு பேர் வெச்சாங்க. இன்னிக்கு லேப் ரிப்போர்ட்ல பார்க்கறோமே, அதே ஐ.ஜி.ஈ.தான். 1967-லயே ஸ்வீடன் குழு ஒரு ரத்தச் சோதனையையும் உருவாக்கிச்சு. சின்னக் காகித வட்டுல மீன் புரதத்தை ஒட்டி, மேல சீரத்தை ஊத்தி, எவ்வளவு ஐ.ஜி.ஈ. ஒட்டுதுன்னு கதிரியக்கத்தால அளக்கறது. பேரு ராஸ்ட். 1974-ல கடைக்கு வந்தது. அம்மாவோட கை தப்பிச்சது.

நார்வேயும் காட் மீனும்

மீன் அலர்ஜியைப் பத்தி நமக்குத் தெரிஞ்சதுல பாதிக்கு நார்வேதான் காரணம். கடலோர நாடு, குழந்தைக்குச் சின்ன வயசுலயே மீன் கொடுத்துருவாங்க. மீன் ஆகாத குழந்தைகள் அங்க டாக்டர் கண்ணுல பட்டது இயல்புதான். ஆஸ்லோவுல ஷெல் ஓஸ்ங்கற குழந்தை மருத்துவர் 1960-கள்ல இவங்களை முறையா ஆராய்ஞ்சார். சில குழந்தைகளுக்கு எந்த மீனுமே ஆகலை. சிலருக்குச் சில மீன் மட்டும்தான் ஆகலை. "மீன் அலர்ஜி"ன்னு ஒரே வார்த்தையில சொல்றது ஒரே நோய் இல்லைன்னு அப்பவே தெரிஞ்சது.

காட் மீனோட சதையில இருந்து முக்கியமான அலர்ஜிப் பொருளையும் ஓஸ் குழு பிரிச்செடுத்துச்சு. அதுக்கு "அலர்ஜன் எம்"ன்னு பேர் வெச்சாங்க. கொதிக்க வெச்சாலும் அசையாத புரதம். செரிமான நொதிகளுக்கும் லேசுல மசியாது. 1975-ல சயீத் எல்சாயத்தும், ஐ.ஜி.ஈ. கண்டுபிடிப்புல பார்த்தோமே அதே பென்னிக்கும் சேர்ந்து அதோட 113 அமினோ அமிலங்களையும் வரிசைப்படுத்தினாங்க. உணவு அலர்ஜிப் பொருள்கள்ல முதல்முதலா இப்படி முழுசா படிக்கப்பட்டது இந்த மீன் புரதம்தான். இப்போ அதைப் பார்வால்புமின்னு சொல்றோம். மீனோட தசை வேகமா சுருங்கி விரிய உதவற, கால்சியத்தைப் பிடிச்சு வெச்சுக்கற புரதம்.

இதுக்கு அடுப்படியில ஒரு அர்த்தம் இருக்கு. நல்லா வேகவெச்சா சரியாப் போயிரும்னு சொல்றது மீன் அலர்ஜிக்குப் பொருந்தாது. குழம்பு கொதிக்கறப்போ வர்ற ஆவியிலயும் இந்தப் புரதம் போகும். அந்த ஆவி பட்டே இழுப்பு வந்த குழந்தைகள் இருக்காங்க. "மீன் துண்டைப் போடலை, குழம்பு மட்டும்தான் ஊத்தினேன்"னு சொல்றதும் இதே கணக்குதான்.

பாசிட்டிவ்னு வந்தா அலர்ஜியா?

பதிவோட முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். 1970-கள்ல தோல் சோதனை இருக்கு, ரத்தச் சோதனையும் வந்தாச்சு. பிரச்சினை தீர்ந்ததா? இல்லை, புதுப் பிரச்சினை ஆரம்பிச்சது. சோதனை பாசிட்டிவ்னு வந்த உணவையெல்லாம் குழந்தைகள் தட்டுல இருந்து எடுத்துட்டாங்க.

டென்வர்ல சார்லஸ் மேங்கற டாக்டர் 1976-ல வெளியிட்ட ஆய்வு இந்தப் பழக்கத்தைக் கேள்வி கேட்டது. ஆஸ்துமா குழந்தைகளுக்குச் சந்தேகமான உணவைப் பொடியாக்கி, உள்ளே என்ன இருக்குன்னு தெரியாத மாத்திரைக் குப்பியில போட்டுக் கொடுத்தார். குழந்தைக்கும் தெரியாது, பக்கத்துல இருந்து கவனிக்கறவங்களுக்கும் தெரியாது. தோல் சோதனையில பாசிட்டிவ் வந்த பல குழந்தைகள் அந்த உணவைச் சாப்பிட்டு ஒண்ணும் ஆகாம விளையாடப் போனாங்க. உடம்புல ஐ.ஜி.ஈ. இருக்கறது வேற. சாப்பிட்டா நோய் வர்றது வேற.

மீனுக்கு இது இன்னும் பொருந்தும். 1992-ல ஹியூ சாம்ப்சன் குழு அமெரிக்காவுல மீன் அலர்ஜி இருந்த 11 பேரைச் சோதிச்சது. தோல் சோதனையில பல மீன்களுக்குப் பாசிட்டிவ் வந்தது. ஆஸ்பத்திரியில ஊட்டிப் பார்த்தப்போ பெரும்பாலானவங்களுக்கு ஒரே ஒரு வகை மீன்தான் ஆகலை. எல்லா நாட்டுலயும் இப்படியே வரும்னு சொல்ல முடியாது, பல மீன் ஆகாதவங்க நிறைய இருக்காங்க. ஆனா சோதிக்காம எல்லா மீனையும் நிறுத்தறது சரியான்னு கேட்க வெச்ச ஆய்வு இது. அதே வருஷம் இன்னொண்ணும் சொன்னாங்க. டப்பாவுல அடைச்ச சூரை மீனை, அதே மீன் புதுசா சமைச்சா ஆகாத சிலரால சாப்பிட முடிஞ்சது. உறைய வெச்சு உலர்த்தின மீன் பொடியை ஊட்டிச் சோதிச்சாலும் ஏமாந்து போகலாம். க்யூஸ்ட்னரோட பச்சை மீன், வெந்த மீன் கதை ஞாபகம் வருதா? மீனை எப்படித் தயார் பண்ணாங்கங்கறதைப் பொறுத்தும் முடிவு மாறும்.

2001-ல சாம்ப்சன் ரத்த அளவுக்கு ஒரு எல்லை போட்டார். மீனுக்கான ஐ.ஜி.ஈ. 20 யூனிட்டுக்கு மேல போனா ஊட்டிப் பார்க்கத் தேவையே இல்லை, அலர்ஜி கிட்டத்தட்ட நிச்சயம்னு. அமெரிக்கக் குழந்தைகளை வெச்சுச் சொன்ன எண் அது, எல்லா ஊருக்கும் அப்படியே எடுத்துக்க முடியாது. எல்லைக்குக் கீழ இருந்தா அலர்ஜி இல்லைன்னும் அர்த்தம் கிடையாது. ரிப்போர்ட்ல தடிச்ச எழுத்துல வந்த எல்லாமே விஷம் இல்லைங்கறதைத்தான் நாம எடுத்துக்கணும்.

எங்க சொந்தத்துல நாலு வயசுப் பையன் ஒருத்தன். கரப்பானுக்காக ஒரு லேப்ல இருபது முப்பது உணவுக்கு மொத்தமா ரத்தச் சோதனை. மீன், கோதுமை, வேர்க்கடலைன்னு ஏழெட்டுப் பாசிட்டிவ். ரெண்டு வருஷம் பையன் ரசம் சாதத்துலயே காலம் தள்ளினான். அதுக்கு முன்னாடி நெத்திலிக் குழம்பை வாரத்துக்கு ரெண்டு நாள் சாப்பிட்டவன்! அப்புறம் பார்த்த ஒரு பெரிய டாக்டரம்மா ரிப்போர்ட்டைத் தள்ளி வெச்சுட்டு, "மீன் சாப்பிட்டப்போ என்ன ஆச்சு?"ன்னு கேட்டாங்க. "ஒண்ணும் ஆகலைங்க, நல்லாத்தான் சாப்பிட்டான்"னு அக்கா சொன்னாங்க. ஆஸ்பத்திரியில வெச்சு ஊட்டிப் பார்த்தாங்க. ஒண்ணும் ஆகலை. நூறு வருஷமா சேர்ந்த அறிவு அந்த ஒரு கேள்வியில இருந்ததா எனக்குப் பட்டது.

மீன் மாதிரி வேஷம் போடறவங்க

இதுக்கு எதிர்ப்பக்கமும் இருக்கு. மீன் சாப்பிட்டு வந்தது எல்லாமே மீன் அலர்ஜி கிடையாது.

சூரை, மத்தி, கானாங்கெளுத்தி மாதிரி மீன்களை ஐஸ் போடாம வெச்சிருந்தா, பாக்டீரியா அந்தச் சதையில ஹிஸ்டமைனை உண்டாக்கிரும். அலர்ஜி வர்றப்போ நம்ம உடம்பே வெளியே விடற அதே பொருள். சமைச்சாலும் போகாது. சாப்பிட்டதும் முகம் சிவந்து, தடிச்சு, தலைவலி வரும். பார்க்க அச்சு அசல் அலர்ஜி. ஆனா ஒரே சட்டியில சாப்பிட்ட பல பேருக்கு ஒண்ணா வந்திருந்தா மீன் கடைக்காரர் மேலதான் முதல் சந்தேகம் வரணும்.

இன்னொண்ணு, மீன் சாப்பிட்டு ஒண்ணுல இருந்து நாலு மணி நேரம் கழிச்சு, குழந்தை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து வெளுத்துத் துவண்டு போகும். தடிப்பு இருக்காது. இது குடல்ல நடக்கற வேற மாதிரி அலர்ஜி. மீன் நிறைய சாப்பிடற ஸ்பெயின், இத்தாலி பக்கம் குழந்தைகள்கிட்ட இதை நிறையப் பார்த்திருக்காங்க. இதுல தோல் சோதனை, ரத்தச் சோதனை ரெண்டுமே பெரும்பாலும் நெகட்டிவ்! "சோதனையில ஒண்ணும் இல்லை, தாராளமா கொடுங்க"ன்னு சொன்னா குழந்தை திரும்பவும் ஆஸ்பத்திரிக்குத்தான் போகும்.

அப்புறம் இறால், நண்டு. நம்ம பேச்சுல எல்லாமே "மீன் சாப்பாடு"தான். ஆனா இறாலோட முக்கியமான அலர்ஜிப் பொருள் ட்ரோப்போமயோசின், பார்வால்புமின் இல்லை. இதைக் கண்டுபிடிச்சதுல நம்ம பக்கத்துக்கும் பங்கு உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துல சுப்பா ராவ் குழு, நம்ம கடல்ல கிடைக்கற வெள்ளை இறாலை வெச்சு அமெரிக்க ஆய்வாளர்களோட சேர்ந்து 1993-ல இதை வெளியிட்டாங்க. அதனால இறால் ஆகாத குழந்தைக்கு வஞ்சிரத்தையும் நிறுத்தணும்னு அவசியம் இல்லை. டாக்டர்கிட்ட ரெண்டையும் தனித்தனியா சொல்லணும்.

நம்ம சட்டியில

சோதனைச் சாறுகள்ல ரொம்ப நாளா ராஜ்ஜியம் பண்றது காட் மீன். நம்ம ஊர்க் குழந்தை காட் மீனைக் கண்ணால கூடப் பார்த்திருக்காது. பார்வால்புமின் மீனுக்கு மீன் ஒத்துப் போறதால பல சமயம் இதுவே போதும். போதாத சமயமும் உண்டு. 2013-ல ஐரோப்பிய ஆய்வு ஒண்ணு ஈனோலேஸ், ஆல்டோலேஸ்ங்கற ரெண்டு புரதமும் சிலருக்கு அலர்ஜி தருதுன்னு காட்டிச்சு. அதனால சோதனை நெகட்டிவ், ஆனா வீட்டுல சாப்பிட்டதும் தடிச்சதுன்னு அம்மா உறுதியா சொன்னா, நல்ல டாக்டர் அம்மாவைத்தான் நம்புவார். "அதே மீனைக் கொண்டு வாங்க, பச்சையாவும் வேகவெச்சும்"ன்னு சொல்லி, ஊசியால முதல்ல மீனைக் குத்திட்டு அப்புறம் தோலைக் குத்திப் பார்ப்பார்.

சுறாவும் திருக்கையும் இன்னொரு சுவாரசியம். இவை குருத்தெலும்பு மீன்கள். இவற்றோட பார்வால்புமின் வேற வகை, அலர்ஜி தர்றது குறைவு. 2019-ல வந்த ஒரு ஆய்வுல, எலும்பு மீன் ஆகாத பலரால திருக்கையைச் சாப்பிட முடிஞ்சது. சுறாப்புட்டு ரசிகர்கள் உடனே துள்ளாதீங்க :-) பலரால முடிஞ்சதுன்னா எல்லாராலயும் முடியும்னு அர்த்தம் இல்லை. இதை வீட்டுல சோதிச்சுப் பார்க்கவே கூடாது. ஆஸ்பத்திரியில, அட்ரினலின் ஊசி பக்கத்துல இருக்கறப்போ செய்ய வேண்டிய வேலை.

ஏன் இவ்வளவு கறார்னு கேட்டா, பால், முட்டை அலர்ஜி பல குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் போற வயசுல போயிரும். மீன் அலர்ஜி அவ்வளவு சீக்கிரம் விடாது. பலருக்குப் பெரியவங்க ஆனப்புறமும் தொடரும். சிலருக்கு மூச்சே நிக்கற அளவுக்கு வரும். அப்படிப்பட்ட குழந்தைக்கு "கொஞ்சம் கொஞ்சமா கொடுத்தா பழகிரும்"னு சொல்றது உயிரோட விளையாடறது. அதே சமயம் அலர்ஜியே இல்லாத குழந்தைக்கு ஒரு தாளைக் காட்டி ஆயுசுக்கும் மீனை நிறுத்தறதும் சின்ன விஷயம் இல்லை. தூத்துக்குடியிலயோ நாகப்பட்டினத்துலயோ யாழ்ப்பாணத்துலயோ மீன் இல்லாத வீட்டுச் சாப்பாடுன்னா என்னன்னு யோசிச்சுப் பாருங்க. குறைஞ்ச காசுல கிடைக்கற புரதம் போச்சு. விசேஷத்துல எல்லாரும் சாப்பிடறப்போ ஒரு குழந்தை மட்டும் தனியா உட்காரும்.

அதனால டாக்டர்கிட்ட போறப்போ ரிப்போர்ட்டை விட முக்கியமா இதைக் கொண்டு போங்க: என்ன மீன், எப்படிச் சமைச்சது, எவ்வளவு சாப்பிட்டது, எத்தனை நிமிஷத்துல என்ன வந்தது, கூட சாப்பிட்டவங்களுக்கு என்ன ஆச்சு, முன்னாடி அதே மீனைச் சாப்பிட்டிருக்கா. தடிப்பு வந்தா உடனே போன்ல ஒரு படம். மூச்சுத் திணறல், தொடர் வாந்தி, மயக்கம் வந்தா படம் எல்லாம் அப்புறம், முதல்ல ஆஸ்பத்திரி.

கொசுறு: ப்ரவுஸ்னிட்ஸ் என்ன ஆனார்னு சொல்லாம விட்டுட்டேன். நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933-ல ஜெர்மனியை விட்டுக் கிளம்பிட்டார். அவரோட அம்மா இங்கிலாந்துக்காரங்க. அங்க போய், அம்மா வீட்டுப் பேரான கைல்ஸையும் தன் பேரோட சேர்த்துக்கிட்டு, வைட் தீவுல வென்ட்னர்ங்கற சின்ன ஊர்ல சாதாரணக் குடும்ப டாக்டரா இருந்தார். 1963-ல காலமானார். அவர் வயித்துல அன்னிக்குத் தடிச்சது என்னன்னு இஷிசாகா தம்பதி சொன்னது அதுக்கு மூணு வருஷம் கழிச்சு.

உங்க ஊர்ல காணாக்கடிக்கு வேற பேர் இருக்கா? கரப்பான் பண்டப் பட்டியல்ல உங்க பாட்டி எந்தெந்த மீனைச் சேர்ப்பாங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.